பூட்டி வைப்பது பாதுகாப்பாகாது

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் கைப்பேசியையும் இணையத்தையும் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். முதலில் நான் தயங்கினேன். இந்த விஷயத்தில் உங்களுக்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதே என் தயக்கம். ஏனெனில் இதில் நானே ஒரு தவறு செய்தவன். அதைச் சொல்லிவிட்டே மற்றவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு குடும்பத்தார் என்னைத் தேடி வந்தனர். அவர்களின் மகன் பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதவர், பேச்சும் இல்லை. தையல் தொழில் செய்து சொந்தமாகச் சம்பாதிப்பவர். மின் கட்டணம் பாக்கியுள்ளது, இன்றிரவு இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. அதில் சொன்னபடி ஒரு செயலியைப் பதிவிறக்கம் செய்திருக்கிறார். சிறிது நேரத்தில் அவர் சேர்த்து வைத்திருந்த பதினெட்டாயிரம் ரூபாய் கணக்கிலிருந்து போய்விட்டது. வங்கிக்குத் தொலைபேசியில் தகவல் சொல்ல அவரால் இயலாது. பயத்தாலும் வெட்கத்தாலும் வீட்டிலும் சொல்லவில்லை. மறுநாள் இரவுதான் அண்ணனுக்குத் தெரிந்தது.

"ஹஜ்ரத், நீங்கள் சொன்னால் கேட்பான். இனி இவனுக்குப் போன் வேண்டாம். நீங்களே சொல்லி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்" என்றார் அவருடைய அத்தா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு தாளில் எழிதில் புரியும்படி நான்கு வரி எழுதிக் காட்டினேன். அந்தத் தம்பி மறுபேச்சில்லாமல் கைப்பேசியை எடுத்து அத்தாவின் கையில் கொடுத்துவிட்டார். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். நல்ல காரியம் செய்தோம் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஜுமுஆவுக்குப் பின் அவர் என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். "எல்லோரும் பேசுகிறீர்கள். நான் யாரோடு பேசுவது?" என்று அதில் எழுதியிருந்தது. அப்போதுதான் விசாரித்தேன். சிறப்புப் பள்ளியில் அவருடன் படித்த நண்பர்கள் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் காணொளி அழைப்பில் சைகை மொழியில்தான் பேசிக்கொள்கிறார்கள். நமது ஊரில் அவருடைய மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நமக்குக் கைப்பேசி ஒரு வசதி. அவருக்கோ அதுவே நாவும் செவியும். திருடன் கொண்டுபோனது பதினெட்டாயிரம் ரூபாய். அவருடைய நாவைப் பறித்துப் பூட்டியவன் நான்.

அன்பிற்குரியவர்களே! மதரஸாவில் நான் ஓதிய பாடங்களிலேயே இதற்கு விடை இருந்தது. அதை நான் மறந்திருந்தேன். ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்ற நபித்தோழரின் வரலாறு ஹதீஸ் நூல்களில் வருகிறது. சில அறிவிப்புகளில் அவருடைய தந்தையின் பெயர் கூறப்படுகிறது. தலையில் ஏற்பட்ட காயத்தால் அவருடைய நாவும் தெளிவும் பாதிக்கப்பட்டிருந்தன. ஆயினும் வியாபாரம் செய்வார், அடிக்கடி ஏமாற்றப்படுவார். குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, அவர் கொடுக்கல் வாங்கல் செய்வதையே தடை செய்துவிடுமாறு கேட்டார்கள். என்னிடம் வந்த குடும்பத்தாரின் கோரிக்கையும் இதுவேயன்றோ!

நபியவர்கள் அவரை அழைத்து வியாபாரத்தை விட்டுவிடச் சொன்னார்கள். தம்மால் விட இயலாது என்று அவர் முறையிட்டார். அதன்பின் நபியவர்கள் அவரைச் சந்தையிலிருந்து அப்புறப்படுத்தவில்லை. ஒவ்வொரு பேரத்தின்போதும், இதில் ஏமாற்று இருக்கக்கூடாது என்ற நிபந்தனையை வாய்விட்டுச் சொல்லுமாறு கற்பித்தார்கள். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க மூன்று இரவு அவகாசமும் அவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தார்கள். பலவீனமானவரை வெளியேற்றாமல், அவருக்கேற்ற ஒரு காப்பை ஏற்படுத்தி, அவரைச் சந்தையிலேயே இருக்கச் செய்தார்கள். குடும்பத்தாரின் அச்சத்துக்கும் மதிப்பளித்தார்கள்; அவருடைய உரிமையையும் காத்தார்கள். இன்று நான் சொல்ல வந்த செய்தி இது ஒன்றுதான். பலவீனமானவரைப் பூட்டி வைப்பது பாதுகாப்பாகாது. அவருக்கு ஒரு காப்பைக் கொடுத்து உடன் நடப்பதே பாதுகாப்பு.

பூட்டி வைப்பதன் முடிவு என்னவாகும் என்பதை நமது இராமநாதபுரம் மாவட்டம் போல் அறிந்த மாவட்டம் வேறில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓடித் தப்ப இயலவில்லை. அவ்வாறு பிணைத்து வைக்கும் வழக்கத்திற்குச் சொல்லப்பட்டு வந்த காரணமும் பாதுகாப்புதான். பின்னர் வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக்கூடாது என்று விதித்தது. கைப்பேசியைப் பூட்டுவதும் சங்கிலியிடுவதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் நமது வசதிக்காக ஒருவரைக் கட்டிவைத்துவிட்டு, அவருடைய நன்மைக்காகவே செய்தோம் என்று சொல்லிக்கொள்ளும் மனம் இரண்டிலும் ஒன்றுதான். அந்த மனத்தைத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

இன்று கைப்பேசி இல்லாமல் வாழ்ந்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். பராமரிப்பு உதவித்தொகை வங்கிக் கணக்கிற்கு வருகிறது. ஆதாரைச் சரிபார்க்க ரகசிய எண் கைப்பேசிக்கு வருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறோம். வளைகுடாவிலிருக்கும் மகனின் முகத்தைத் தாய் பார்ப்பதும் அந்தச் சிறு திரையில்தான். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் அதிகம். இத்தனை பேருக்கும் இந்த வாசல் திறந்திருக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்பம் அவர்களுக்கு எட்டும் வகையில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கூறுகிறது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் ஆகியோரின் அமர்வு ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. வழக்குத் தொடுத்தவர்களில் அமில வீச்சால் முகமும் கண்களும் சிதைந்தவர்களும் பார்வையற்றவரும் இருந்தனர். இணையவழியில் வங்கிக் கணக்குத் தொடங்கும்போது, உயிருள்ள ஆள்தானா என்று அறியக் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது இயந்திரம். இமையே இல்லாதவர் எப்படிச் சிமிட்டுவார்? இணையவழிச் சேவைகளைப் பெறுவது, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கூறி, 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. வேறு வழியிலும் சரிபார்க்க வகை செய்யப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

எனவே கைரேகை பதியவில்லை, திரும்பிப் போங்கள் என்று நமது முதியவர்களிடம் எவரேனும் சொன்னால் வாளாவிருந்து வீடு திரும்ப வேண்டியதில்லை. கருவிழி, முகம், ரகசிய எண் என்று மாற்று வழிகள் ஆதாரில் உள்ளன. கேரளத்தின் குமரகத்தில் விரல்களே இல்லாத ஒரு பெண்மணிக்கு ஆதார் மறுக்கப்பட்டு, 2023 டிசம்பரில் மத்திய அரசு தலையிட்டபின் வழங்கப்பட்டது. விரல் இல்லாதவர்க்குக் கருவிழியைக் கொண்டு பதியலாம் என்ற விதி அதற்கு முன்னரே இருந்தது. விதி இருந்தும் கேட்பாரில்லை என்பதுதான் குறை. கேட்பதற்கு உடன் ஒருவர் செல்வதும் ஒரு தர்மமே.

பார்வையற்ற சகோதரர்கள் கைப்பேசியைப் பயன்படுத்த இயலாது என்று எண்ணுவோரும் நம்மில் உண்டு. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வசதி இன்று சாதாரணக் கைப்பேசியிலேயே இருக்கிறது, தமிழிலும் வாசிக்கிறது. கணினிக்கான என்விடிஏ என்ற இலவச வாசிப்பு மென்பொருளை 2006ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் ஒருவரே. ரூபாய் நோட்டின் மதிப்பைக் கேமரா மூலம் அறிந்து சொல்லும் 'மணி' என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்டது. மதீனாவில் பாங்கு சொன்னவர்களுள் ஒருவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர் என்பதை நாம் அறிவோம். திறமை இல்லாமற் போனதன்று. நாம் வாய்ப்பளிக்காமற் போனதே குறை.

அன்பிற்குரியவர்களே! வாசலைத் திறக்கும்போது திருடனும் நுழைவான் என்பது உண்மை. 2024ஆம் ஆண்டில் மட்டும் நமது நாட்டு மக்கள் இணைய மோசடிகளில் இழந்த தொகை 22 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மோசடிக்காரன் பூட்டை உடைப்பதில்லை. நம் கையாலேயே திறக்கச் செய்கிறான். அதற்கு அவன் பயன்படுத்துவன மூன்று: அச்சம், ஆசை, அவசரம். இணைப்பைத் துண்டிப்போம் என்பது அச்சம். பரிசு விழுந்துள்ளது என்பது ஆசை. இப்போதே செய், எவரிடமும் சொல்லாதே என்பது அவசரம். எவரிடமும் சொல்லாதே என்ற சொல் வந்தவுடன் அது மோசடி என்று அறிந்துகொள்ளுங்கள். காவல்துறை உடையில் காணொளியில் தோன்றி, உன்னைக் கைது செய்துள்ளோம், திரையை விட்டு நகராதே என்று மிரட்டுகிறார்கள். அப்படிக் காணொளியில் கைது செய்யும் முறை நமது நாட்டுச் சட்டத்தில் கிடையாது.

இனி, நபிவழியில் கண்ட அந்தக் காப்பை இன்று எவ்வாறு அமைப்பது? என்னால் இயன்றவரை தெரிந்தவர்களைக் கேட்டறிந்து சொல்கிறேன்.

முதலாவது, கணக்கைப் பிரித்து வையுங்கள். சேமிப்பு ஒரு கணக்கில் இருக்கட்டும். அதைக் கைப்பேசியோடு இணைக்க வேண்டாம். அன்றாடச் செலவுக்கான சிறு தொகை மட்டும் மற்றொரு கணக்கில் இருக்கட்டும். ஏமாந்தாலும் இழப்பு அந்தச் சிறு தொகையோடு நிற்கும்.

இரண்டாவது, நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024இல் அறிமுகமான யுபிஐ சர்க்கிள் என்ற முறையில், குடும்பத்தில் ஒருவர் தம் கணக்கிலிருந்து மற்றொருவர் பணம் செலுத்த அனுமதிக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்கும்படியும் அமைக்கலாம். தாமாகச் சொல்லி எழுத வைக்க இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் எழுதச் செய்ய வேண்டும் என்று, அல்பகரா அத்தியாயத்தில் கடன் பற்றிய 282ஆவது வசனம் கட்டளையிடுகிறது. நீதியுடன் என்ற சொல்லைக் கவனியுங்கள். பொறுப்பாளர் என்பவர் உரிமையாளர் அல்லர். மாற்றுத்திறனாளி அக்காவின் உதவித்தொகையைத் தம்பி எடுத்துக்கொண்டு கணக்குக் காட்டாமலிருப்பதும் மோசடியே.

மூன்றாவது, ரகசிய எண் பணம் கொடுப்பதற்கு மட்டுமே. பணம் பெறுவதற்கு அது வேண்டியதில்லை. பணம் வரும், எண்ணை அழுத்துங்கள் என்று எவர் சொன்னாலும் பொய். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும்போது சரியாகப் பதியவில்லை என்று மீண்டும் வைக்கச் சொன்னால், முதல் முறையின் நிலையைக் கேட்டு அறிந்த பிறகே விரலை வையுங்கள், ரசீதைக் கேளுங்கள். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் பூட்டியிருந்தால் ரேஷன் கடையிலும் ரேகை ஏற்காது. தேவையானபோது திறந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, குடும்பத்துக்குள் ஓர் அடையாளச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஒருவருடைய குரலைப் போலவே இயந்திரம் பேசுகிறது. துபாயிலிருக்கும் மகனின் குரலில் விபத்து என்று அழுதால் எந்தத் தாய்தான் பொறுப்பாள்? அந்தச் சொல்லைக் கேளுங்கள். அல்லது அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடமுள்ள அவருடைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

ஐந்தாவது, ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறி வெளியேறுமுன் சொன்னால் முடக்கி வைக்க வாய்ப்புண்டு. நாமே ரகசிய எண்ணைச் சொல்லி ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்தது. ஆகவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. பேச இயலாதவர் வீட்டில், அவருக்காக அழைப்பவர் யார் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.

அந்தத் தம்பி ஏன் ஒரு நாள் முழுவதும் மறைத்தார்? திட்டுவார்கள் என்ற பயத்தால். திருடனுக்கு நாம் தரும் மிகப் பெரிய உதவி நமது ஏச்சுப்பேச்சுதான். படத்தை மாற்றியமைத்து மிரட்டும் கடன் செயலிக்காரர்களிடம் சிக்கும் பெண்பிள்ளைகளும் இதே பயத்தால்தான் மேலும் மேலும் பணம் கட்டுகிறார்கள். ஏமாந்தவர் குற்றவாளி அல்லர். வீட்டில் முதலில் கேட்கப்படும் சொல், "பரவாயில்லை, வா, புகார் கொடுப்போம்" என்பதாக இருக்கட்டும்.

நமது ஜமாஅத்தின் பக்கமும் குறைகள் உள்ளன. மவுத்து அறிவிப்பை ஒலிபெருக்கியில் சொல்கிறோம்; செவிப்புலன் இல்லாதவருக்கு அது எட்டாது. வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போடுகிறோம். படத்திலுள்ள எழுத்தைப் பார்வையற்றவரின் கைப்பேசி சரிவர வாசிக்காது. குரலாகவும் எழுத்தாகவும் இரண்டு விதத்தில் போட்டால் இருவருக்கும் எட்டும். உதவி கேட்டு வருவோரின் ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் குழுவில் எல்லோரும் காணப் பகிர்கிறோம். சக்கர நாற்காலி கொடுத்தால் பெறுபவரின் முகத்தோடு படம் எடுத்துப் போடுகிறோம். அந்த நகல்கள் எவர் கைக்குப் போகின்றன என்று நமக்குத் தெரியாது. இவற்றை இன்றோடு நிறுத்துவோம்.

மேலும் நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள் மாலை மதரஸா கட்டடத்தில் ஓர் உதவி மேசை போடுவோம். ஆண்களுக்கு இரு இளைஞர்களும் பெண்களுக்கு இரு சகோதரிகளும் இருக்கட்டும். இராமநாதபுரம் சென்று திரும்பினால் ஒரு நாள் கழிந்துவிடும். இங்கேயே முடியும் வேலைகளை இங்கேயே முடித்துக் கொடுப்போம். நிபந்தனை ஒன்றுதான்: உதவுபவர் எவருடைய ரகசிய எண்ணையும் கேட்கவோ எழுதி வைக்கவோ கூடாது, உரியவரின் கண்முன்னே, அவர் கையாலேயே செய்யச் சொல்லித் தர வேண்டும். நமது மஹல்லாவில் இல்லாத சகோதர சமுதாயத்தவர் வந்தாலும் இந்த மேசை அவர்களுக்கும் உரியதே.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நான் அவர் வீட்டிற்குச் சென்று, பீரோவைத் திறக்கச் சொன்னேன். அத்தாவின் முன்னிலையில், நான் சொன்னது தவறு என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். இப்போது அவருக்குச் சிறு கணக்கு ஒன்று இருக்கிறது. சந்தேகமான செய்தி வந்தால் அண்ணனிடம் காட்டுகிறார். போன பணம் திரும்பவில்லை. நான்கு மாதமும் திரும்பவில்லை. ஆனால் சென்ற வாரம் கடைத்தெருவில் அவர் கைப்பேசியைத் தம் முகத்துக்கு நேரே சாய்த்து வைத்து, இரு கைகளாலும் எவருடனோ விறுவிறுப்பாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டேன். இடையூறு செய்யாமல் கடந்து வந்தேன்.

பலவீனமானவரைப் பூட்டாமல், தனியே விட்டுவிடாமல், உடன் நடக்கும் சமுதாயமாக நம்மை ஆக்கியருள அல்லாஹ்விடம் வேண்டி விடைபெறுகிறேன். ஆமீன்.